டோனி டன்ஜியின் கதையை முழுவதும் சொல்லுங்கள்



கடந்த இரண்டு வாரங்களாக ஒரே காணொளியை உங்களில் பலர் எனக்கு அனுப்பிவருகிறீர்கள். அதில் ஒரு பிரசங்கியார் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் டோனி டன்ஜியைப் பற்றிப் பேசுகிறார். அந்த மனிதர் தேவனுக்குப் பயந்து நடந்தார், கெட்ட வார்த்தை பேசவில்லை, வீரர்களைத் திட்டவில்லை. ஆகையால் 2007-ஆம் ஆண்டு தேவன் அவர் கையில் உலகமே பார்க்கும்படி வெற்றிக்கோப்பையைக் கொடுத்தார் என்று அவர் முடிக்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. "ஐயா, எத்தனை அருமையான சாட்சி!" என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

அது சாட்சியல்ல. சாட்சியின் ஒரு துண்டு மட்டுமே. நீதிமன்றத்தில் பாதி உண்மை சொன்னவனைப் பொய்ச்சாட்சி என்கிறோம். பிரசங்க பீடத்தில் மட்டும் அதற்கு ஏன் ஆமென் சொல்கிறோம்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு என்மேலேயே. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாலிபர் முகாமில் இதே கதையை இதே விதமாக நானும் சொன்னேன். கோப்பை வந்த இடத்தில் நிறுத்தினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்தபின் ஒரு தாய் மட்டும் எழுந்திருக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டு அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. நான் சொல்லாமல் விட்ட பாதிக்கதை அவருக்காகவே இருந்தது. அது எனக்கு அன்று தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

ஆகவே இன்று முழுவதையும் சொல்லுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும், ஒருவரையொருவர் மோதித் தள்ளியும் விளையாடுவது. கூச்சலும் வசையும் அந்தத் தொழிலில் சாதாரணம். டன்ஜி 1955-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் நகரில், ஆசிரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மினசோட்டா பல்கலைக்கழக அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காகச் சாதனைகள் படைத்தார். எனினும் 1977-இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தெரிந்தெடுத்தபோது ஒருவரும் அவரைத் தெரிந்தெடுக்கவில்லை. குவார்ட்டர்பேக் பொறுப்பைக் கறுப்பின இளைஞர்களிடம் ஒப்படைக்கத் தயங்கிய காலம் அது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டு, எறிகிறவராக அல்ல, எதிரணி எறியும் பந்தைப் பறிக்கிற தற்காப்பு வீரராக மாற்றியது. அடுத்த ஆண்டே 6 பந்துகளைப் பறித்து அணியில் முதலிடம் பெற்றார். 1979 ஜனவரியில் சூப்பர் பவுல் வென்ற அணியில் இருந்தார். மூன்று பருவங்களில் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. 25 வயதில் ஸ்டீலர்ஸ் பயிற்சியாளர் சக் நோலிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 28 வயதில் தற்காப்புப் பிரிவு முழுவதும் அவர் கையில்.

அதற்குப் பிறகு ஒரு தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு அவர் 12 ஆண்டுகள் காத்திருந்தார். இந்த இடத்தில்தான் நம் பிரசங்கிமார் முதல் தவற்றைச் செய்கிறார்கள். "பொறுமையாய்க் காத்திருந்தார், ஏற்ற காலத்தில் கர்த்தர் உயர்த்தினார்" என்று ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அவரைக் காக்க வைத்தது யார்? தேவனா, மனிதரா?

வரலாற்றைப் பாருங்கள். அந்தத் தொழில்முறைச் சங்கத்தில் 1921-லேயே ஃபிரிட்ஸ் பொல்லார்ட் என்ற கறுப்பினத்தவர் ஆக்ரன் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். பிறகு வாசல் அடைக்கப்பட்டது. 1934 முதல் 1945 வரை கறுப்பின வீரர் ஒருவர்கூட ஆடவில்லை. வீரர்கள் திரும்பி வந்தபின்னும் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி திரும்பவில்லை. பொல்லார்டுக்குப் பிறகு அதில் அமர்ந்த அடுத்த கறுப்பினத்தவர் ஆர்ட் ஷெல், 1989-இல். களத்தில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின வீரர்களாகிவிட்ட காலத்திலும், அவர்களை நடத்துகிறவர் மட்டும் வெள்ளையராகவே இருக்கவேண்டியிருந்தது. இதற்குத் "தேவனுடைய வேளை" என்று பெயர் சூட்டுவது, மனிதர் செய்த பாவத்தைத் தேவனுடைய கணக்கில் எழுதுவதாகும். எகிப்தின் செங்கல் சூளைகளைப் பார்வோனுடைய அநியாயம் என்று சொல்லாமல், இஸ்ரவேலருக்குப் பொறுமையைக் கற்பித்த பள்ளிக்கூடம் என்று யாராவது பிரசங்கித்தால் நாம் ஏற்போமா? (சிலர் அதையும் பிரசங்கிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

1996-இல் டாம்பா பே பக்கனியர்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. தோல்விக்குப் பேர்போன அணி அது. முதல் 9 ஆட்டங்களில் 8 தோல்வி. அவர் கத்தவில்லை, முறையை மாற்றவுமில்லை. மறுவருடமே அந்த அணி 15 ஆண்டுகளுக்குப் பிறகு இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. 6 ஆண்டுகளில் 54 வெற்றி, 42 தோல்வி. ஆனால் கோப்பை வரவில்லை. அவர் மிகவும் மென்மையானவர் என்ற பேச்சு எழுந்தது. 2002 ஜனவரி 14-ஆம் தேதி அவரை நீக்கினார்கள்.

இப்பொழுது கவனியுங்கள். அவருக்குப் பதிலாக ஜான் குரூடன் வந்தார். அவரை விடுவிப்பதற்கு ஓக்லண்ட் அணிக்கு 80 லட்சம் டாலரும், புதிய வீரர்களைத் தெரிந்தெடுக்கும் உரிமைகளில் நான்கும் கொடுக்கப்பட்டன. மறு ஜனவரியில், 2003-இல், டாம்பா அணி அதே ஓக்லண்ட் அணியை 48–21 என்று வீழ்த்திச் சூப்பர் பவுலை வென்றது. அந்த ஆட்டத்தில் தற்காப்பு வீரர்கள் 5 பந்துகளைப் பறித்தார்கள். அந்தத் தற்காப்பைக் கட்டி எழுப்பியவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்தான். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

கோப்பைதான் தேவ அங்கீகாரத்தின் முத்திரை என்றால், 2003-இல் அந்த முத்திரை யாருக்கு விழுந்தது? டன்ஜி தேவனுக்குப் பயந்தவர் என்பதால் 2007-இல் கோப்பை வந்தது என்றால், 2002-இல் அவர் தேவனுக்குப் பயப்படவில்லையா? அதே வேதாகமத்தைத்தானே வாசித்தார்? அதே ஜெபத்தைத்தானே செய்தார்? நம் பிரசங்கிமார் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டால் பிரசங்கம் நின்றுபோகும்.

அந்த ஜனவரியிலேயே, மினசோட்டாவில் பத்து ஆண்டுகளில் ஒரே ஒரு பருவம் தோல்விக் கணக்கோடு முடித்த டென்னிஸ் கிரீன் என்ற கறுப்பினப் பயிற்சியாளரும் வேலையிழந்திருந்தார். இரு நீக்கங்களும் மக்களைச் சிந்திக்கவைத்தன. ஜானி காக்ரன், சைரஸ் மேரி என்ற வழக்கறிஞர்கள் கறுப்பினப் பயிற்சியாளர்களின் வெற்றிக் கணக்கை ஆராய்ந்து, அதிகம் வென்றும் குறைவாக வாய்ப்புப் பெறுகிறார்கள் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அதன் விளைவாக, தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்தே ஆகவேண்டும் என்ற விதி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்டீலர்ஸ் உரிமையாளர் டான் ரூனியின் பெயரால் அது ரூனி விதி எனப்படுகிறது. வேலை கொடுக்கவேண்டும் என்றல்ல, நேரில் பார்த்துப் பேசவாவது வேண்டும் என்பதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது! இந்த வரியை வாசிக்கும்போது அமெரிக்காவை மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

டன்ஜியை இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணி விரைவிலேயே அழைத்துக்கொண்டது. அங்கே அவர் அணி வருடந்தோறும் வென்றது. 2005-ஆம் ஆண்டுப் பருவத்தில் தொடர்ந்து 13 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. டிசம்பர் 18-ஆம் தேதி முதல் தோல்வி. நாடு முழுவதும் அந்தத் தோல்வியைப் பற்றியே பேச்சு.

நான்கு நாட்களுக்குப் பின், டிசம்பர் 22 அன்று, டன்ஜியின் மூத்த மகன் ஜேம்ஸ் டாம்பாவுக்கு அருகே தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுக்கு வயது 18. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாட்கள் இருந்தன.

நம் பிரசங்கியார் இந்த இடத்தைச் சொல்லவில்லை. நானும் அன்று சொல்லவில்லை. ஏன்? சொன்னால் கணக்கு உதைக்கிறது. தேவனுக்குப் பயந்த தகப்பன், ஜெபிக்கிற வீடு; தகப்பன்மார் பிள்ளைகளோடு நேரம் செலவிடவேண்டும் என்று ஊரெங்கும் பேசியவர். அந்த வீட்டிலேயே இது நேரிட்டது என்றால், "இப்படிச் செய்தால் அப்படிக் கிடைக்கும்" என்று நாம் விற்கிற சரக்கு என்னவாகும்? ஆகவே மகனை மறைத்துவிட்டுக் கோப்பையைக் காட்டுகிறோம்.

டன்ஜி மறைக்கவில்லை என்பதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். டாம்பாவில் நடந்த அடக்க ஆராதனைக்கு அணி வீரர்கள் அனைவரும் வந்திருந்தார்கள். அங்கே அவர் எழுந்து நின்று, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உங்கள் பிள்ளைகளைக் கட்டியணைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை காண்பீர்களா என்பது தெரியாது என்ற கருத்தில் பேசினார். அவர் விலகியிருந்தது ஒரே ஓர் ஆட்டத்துக்கு மட்டுமே. பிறகு பணிக்குத் திரும்பினார். 2007-இல் வெளியான தன்வரலாற்று நூலிலும் மகனுடைய மரணத்தை எழுதினார். தகப்பன் மறைக்காததை மறைக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

இன்னொன்று. அந்த ஜனவரியில் துக்கத்திலிருந்த தகப்பனுடைய அணி கோப்பையை வென்றிருந்தால், அது பிரசங்கிமாருக்கு எப்பேர்ப்பட்ட உவமையாக இருந்திருக்கும்! 14 வெற்றி, 2 தோல்வி என்று பருவத்தை முடித்த அணி அது. சொந்த ஊரில், 2006 ஜனவரி 15 அன்று, பழைய ஸ்டீலர்ஸ் அணியிடம் 21–18 என்று தோற்றது. கடைசி விநாடிகளில் ஆட்டத்தைச் சமன்செய்திருக்கக்கூடிய ஓர் உதை கம்பத்துக்கு வெளியே போயிற்று. நாம் எழுதியிருக்கக்கூடிய கதையைத் தேவன் எழுதவில்லை.

மறுவருடம்தான் கோப்பை வந்தது. இறுதிக்கு முந்தின ஆட்டத்தில் 21–3 என்று பின்தங்கியிருந்து 38–34 என்று வென்றார்கள். 2007 பிப்ரவரி 4 அன்று மியாமியில், கொட்டும் மழையில், சிகாகோ பேர்ஸ் அணியை 29–17 என்று தோற்கடித்தார்கள். சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார் டன்ஜி. எதிரணியின் பயிற்சியாளர் லவி ஸ்மித். அவரும் கறுப்பினத்தவர், அவரும் விசுவாசி, டாம்பாவில் டன்ஜியின்கீழ் உதவியாளராகப் பணிசெய்த நெருங்கிய நண்பர். அன்றிரவு இரண்டு அணிகளின் பக்கத்திலும் ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். லவி ஸ்மித்தின் விசுவாசத்தில் என்ன குறை கண்டு தேவன் 12 புள்ளிகளைக் குறைத்தார் என்று நம் பிரசங்கியார் விளக்குவாரா?

இங்கே டன்ஜியோடும் எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. கோப்பையை வாங்கிய மேடையில், முதல் கறுப்பினப் பயிற்சியாளர்கள் என்பதைவிட, கர்த்தருடைய வழியில் நடந்தும் வெல்லலாம் என்று காட்டிய கிறிஸ்தவப் பயிற்சியாளர்கள் என்பதிலேயே தமக்குப் பெருமை என்ற கருத்தில் அவர் பேசினார். நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். வசைபாடாமலும் வெல்ல முடியும் என்று தன் தொழிலில் உள்ளவர்களுக்குக் காட்ட விரும்பியிருப்பார். ஆயினும் அந்த மழை இரவு முடிவு மாறி, அவர் தோற்றிருந்தால் கர்த்தருடைய வழி பொய்யாகியிருக்குமா? கர்த்தருடைய வழியின் முடிவில் ஒரு சிலுவை நின்றது. அந்த வெள்ளிக்கிழமை யார் கண்ணுக்கும் அது வெற்றியாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் அவர் பொதுவெளியில் சொன்ன கருத்துகள் எல்லாவற்றோடும் நான் உடன்படுகிறவன் அல்லன். ஆனால் அவர் மகனுக்காக அழுத அழுகைக்கு முன்னால் நான் வாய்பொத்தி நிற்கிறேன்.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: "ஐயா, இப்படிப்பட்ட துக்கச் செய்திகளைச் சொன்னால் வாலிபர்களின் விசுவாசம் தளர்ந்துபோகாதா?" கேள்வி நியாயமானது, மூத்த ஊழியர் ஒருவரே என்னிடம் இதைக் கேட்டார். நான் அறிந்தமட்டில் வாலிபர்களைத் தளர்த்துவது துக்கச் செய்தியன்று. "ஜெபித்தால் எல்லாம் சரியாகும்" என்று நாம் வாக்குக் கொடுத்து, சரியாகாதபோது "உன் ஜெபத்தில் குறை" என்று அவர்கள்மேலேயே பழியைத் திருப்புகிறோமே, அதுதான். யோபின் சிநேகிதர் மூவரும் இதைத்தான் செய்தார்கள். ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர். வாயைத் திறந்தபின்தான் கெட்டுப்போனார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்ற கணக்கை நம் ஆண்டவர் ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். நாமோ அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தேடியெடுத்து ஒவ்வொரு சாவு வீட்டிலும் விரிக்கிறோம்.

எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ட தீர்க்கதரிசி அவர். அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின்கீழ் விழுந்து, சாகவேண்டும் என்று வேண்டினார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். உண்டபின் உறங்கவும் விட்டான். மறுபடியும் எழுப்பி உணவு கொடுத்தான். மனச்சோர்வு என்பது ஒரு நோய். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகிற நாம் இதற்கு மட்டும் உபவாசக் கூட்டத்தையே மருந்தாக எழுதிக் கொடுக்கிறோம். ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். தூதன் கொண்டுவந்த அடையை எலியா ஆவிக்குரியதல்ல என்று தள்ளவில்லையே!

மகன் இறந்து ஆறு வாரங்களில், 2006 பிப்ரவரியில், டெட்ராய்ட் நகரில் விளையாட்டு வீரர்களுக்கான ஒரு காலை விருந்தில் டன்ஜி பேசினார். தம் மகன்கள் மூவரைப் பற்றியும் பேசினார். அவர் தத்தெடுத்த ஜோர்டான் என்ற சிறுவனுக்கு, பிறவியிலேயே வலியை உணர முடியாத ஓர் அரிய குறைபாடு. சூடான அடுப்பிலிருந்து தின்பண்டத்தைக் கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். கை வெந்தது அவனுக்குத் தெரியாது. வலி இல்லாதது வரமல்ல, ஆபத்து என்று அந்தப் பிள்ளையால் தாம் கற்றுக்கொண்டதை அவர் சொன்னார். பிறகு ஜேம்ஸைப் பற்றிப் பேசினார். அவனுடைய கண்களின் விழிவெண்படலங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பெற்ற இருவர் இப்போது பார்க்கிறார்கள் என்று தெரிவிக்கும் கடிதம் அந்தக் குடும்பத்துக்கு வந்திருந்தது.

இதைக் கொண்டு, "பார்த்தீர்களா, இதற்காகத்தான் தேவன் அவனை எடுத்தார்" என்று யாரும் பிரசங்கிக்கவேண்டாம். அந்த இரண்டு பேரின் பார்வை ஜேம்ஸின் மரணத்துக்கு விலையும் அன்று, விளக்கமும் அன்று. டன்ஜியும் அதை விளக்கமாகச் சொல்லவில்லை. துக்கத்தின் நடுவே தம் கைக்கு வந்ததை வந்தபடியே காட்டினார். பிறவிக்குருடனைக் குறித்து, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். இருவரும் அல்ல என்பதே ஆண்டவருடைய மறுமொழி. நம் சபைகளில் இன்னமும் கேட்கப்படுவது சீஷர்களின் கேள்விதான். சாவு வீட்டின் வாசலிலேயே, பந்தல் பிரிப்பதற்கு முன்பே, காதோடு காதாக அது கேட்கப்படுகிறது. "என்ன செய்தார்களோ!" என்கிறார்கள். "பிள்ளையை எப்படி வளர்த்தார்களோ!" என்கிறார்கள். இப்படி மரித்தவனுக்கு அடக்க ஆராதனை உண்டா, கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு இடம் கொடுக்கலாமா என்று கூட்டம் போட்டு விவாதித்ததையும் என் காதால் கேட்டிருக்கிறேன். அப்சலோமுக்காகத் தாவீது அழுதபோது, அவன் எப்படிப்பட்டவன் என்று அந்தத் தகப்பனுக்குத் தெரியாதா? தெரிந்தும் வாசலின்மேல் இருந்த அறைக்கு ஏறிப்போய் அழுதான். அந்த அழுகையை வேதம் வெட்டிவிடவில்லை.

டன்ஜி 2009 ஜனவரியில் ஓய்வு பெற்றார். 2016-இல் அவருடைய விளையாட்டின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. இவையெல்லாம் உண்மை, சொல்லுங்கள், தடையில்லை. சொல்லும்போது 2002 ஜனவரியையும் சொல்லுங்கள், 2005 டிசம்பரையும் சொல்லுங்கள். அந்தக் காணொளியை ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், விடுபட்டதையும் எழுதி அதே குழுவுக்கு அனுப்புங்கள்.

அன்று வாலிபர் முகாமில் கடைசி வரிசையில் இருந்த அந்தத் தாயைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அவர் காப்பி கொடுத்தார். பிறகு தன் மகனின் பள்ளிப் புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அவன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சிறிய கோப்பை ஒன்றும் அலமாரியில் இருந்தது.

கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. அன்றைய ஆராதனையில் மரித்தவர்களின் பெயர்களை வாசித்து ஜெபிப்பது நம் வழக்கம். இப்படி மாண்ட பிள்ளையின் பெயரைக் கொடுக்க இதுவரை தயங்கியவர்கள், இந்த முறை எழுதிக் கொடுங்கள். பெயர் மட்டும் போதும். காரணத்தை எழுதவேண்டியதில்லை, நான் கேட்கவும் மாட்டேன். இதை வாசிக்கிறவர்களில் எவருக்காவது சாவதே மேல் என்ற எண்ணம் இருந்தால், விடியும்வரை காத்திருக்கவேண்டாம். போதகர் இல்லத்துக் கதவைத் தட்டுங்கள், அல்லது தொலைபேசியில் அழையுங்கள். நள்ளிரவானாலும் பரவாயில்லை. மருத்துவரிடம் போகவேண்டுமானால் உங்களோடு நானும் வருகிறேன்.